கழன்று விழாதபடிக்கு

தியானப் பகுதி: உபாகமம் 22:8



புதுவீடு கட்டுகிறவனுக்கு மோசேயின் நியாயப்பிரமாணம் ஒரு கட்டளை கொடுக்கிறது. மெத்தையைச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்தால், அந்தப் பழி வீட்டுக்காரனைச் சேரும். வழிதவறிய மாட்டை உரியவனிடம் திருப்பிக் கொண்டுபோய் விடுவது, குருவிக் கூட்டில் தாய்ப்பறவையை விட்டுவிடுவது போன்ற கட்டளைகளை அடுத்து இந்த ஒரு வசனம் நிற்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் அதன் எளிமை என்னைத் தொடுகிறது. வீடு கட்டாதே என்று அது சொல்லவில்லை. அழகாகக் கட்டாதே என்றும் சொல்லவில்லை. நீ கட்டியதினால் இன்னொருவன் உயிர் போகாதபடி பார்த்துக்கொள் என்கிறது.

இந்த வாரம் அந்த வசனத்தை உங்கள் வாசலில் நிற்கும் காருக்குப் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். குறிப்பாக, கார் வாங்கிய பிறகு கடையில் தனியே வாங்கி நாம் மாட்டுகிற வெளிப் பாகங்களுக்கு. முன் பம்பருக்குக் கீழே வரும் லிப், கதவுகளுக்குக் கீழே ஓடும் சைடு ஸ்கர்ட், பின் பம்பரின் அடியில் வரும் டிஃப்யூசர், டிக்கியின்மேல் நிற்கும் ஸ்பாய்லர் ஆகியவை சேர்ந்ததைத்தான் நம் பிள்ளைகள் 'பாடி கிட்' என்கிறார்கள். போதகருக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பொறுமையாக வாசியுங்கள்; காரணம் சொல்லுகிறேன்.

ஆலய வளாகத்தில் ஒரு ஜெபம்

வாகனம் வாங்கினவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை ஆலய வளாகத்தில் நிறுத்தி, ஜெபித்துவிட்டு எடுத்துச் செல்லுவது நம் வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு வாலிபத் தம்பி தம் காரைக் கொண்டுவந்தார். பழைய வெள்ளை நிற ஸ்விஃப்ட். காற்றாலைகளில் பராமரிப்பு வேலை செய்து, மூன்று வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. வாங்கின கையோடு கறுப்பு லிப்பும், சைடு ஸ்கர்ட்டும், ஸ்பாய்லரும் மாட்டியிருந்தார். வண்டி பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் விடியற்காலையில் தாயாரையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்திற்காகச் சென்னைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு.

"இதைப் பாருங்க ஐயா" என்று அவரே பெருமையோடு லிப்பைக் காட்டினார். குனிந்து தொட்டுப் பார்த்தேன். அது அசைந்தது. லேசாக இழுத்தபோது, என் ஆள்காட்டி விரல் நுழையும் அளவுக்குப் பம்பருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி திறந்தது.

"தம்பி, இதை யார் மாட்டினது?"

"டவுன்ல ஒரு கடையில ஐயா. ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க."

"நாளைக்கு எவ்வளவு தூரம்?"

"எழுநூறு கிலோமீட்டர் வரும் ஐயா."

அந்த நேரத்தில் என் மனதில் வந்தது வேறொரு காட்சி. அதற்கு முந்தின ஆடி மாதம் காவல்கிணறு விலக்கிலிருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கணவாயில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தானே அங்கே அத்தனை காற்றாடிகள் நிற்கின்றன. எனக்கு முன்னால் போன ஒரு காரின் சைடு ஸ்கர்ட் முதலில் ஒரு முனையில் படபடத்தது. சில நொடிகளில் முழுதும் பிய்ந்து, சாலையின் குறுக்கே பறந்தது. பின்னால் பைக்கில் வந்த கணவன், மனைவி, அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த குழந்தை ஆகிய மூவரும் அதிலிருந்து விலகப்போய் ஓரத்துச் சரளைக் கல்லில் விழுந்தார்கள். பெரிய வண்டி எதுவும் பின்னால் வராதது தேவகிருபை. சிராய்ப்புகளோடும் கணவரின் மணிக்கட்டு முறிவோடும் போயிற்று. நாங்கள் அவர்களை மருத்துவமனையில் சேர்த்தோம்.

முன்னே போன கார் நிற்கவே இல்லை. ஓட்டியவரைக் கல்நெஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. தமக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போய், வண்டியில் ஒரு பாகம் குறைவதைப் பார்த்து, போன பணத்தை எண்ணி வருந்தியிருப்பார்.

ஆகவே அந்த ஞாயிறு நான் சொன்னேன்: "ஜெபிப்போம் தம்பி. ஆனா இதையெல்லாம் கழற்றி வீட்டுல வெச்சுட்டுச் சென்னைக்குப் போ. திரும்பி வந்து நிதானமா மாட்டு." நண்பர்கள் சுற்றி நின்றார்கள். அவர் முகம் வாடிவிட்டது. ஒரு வாலிபனுடைய சந்தோஷத்தின்மேல் தண்ணீர் ஊற்றுவது போதகனுக்கும் இனிய வேலையன்று. அவர் தாயார்தான் முன்வந்து, "ஐயா சொல்லுதாங்கல்லா, கழத்திரு மக்களே" என்றார்.

கழற்றுவதற்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒட்டியவை ஐந்து நிமிடத்தில் கையோடு வந்துவிட்டன. கடைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை. எல்லாரும் சேர்ந்து ஜெபித்தோம். அவர்கள் சுகமாகப் போய் வந்தார்கள்.

ஒட்டு எங்கே தோற்றது?

கழற்றிய லிப்பைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு காரியம் விளங்கிற்று. இரட்டைப் பக்க டேப் லிப்பின்மேல் உறுதியாகவே இருந்தது. டேப்பின் மறுபக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டும் அதன் அடியில் இருந்த பட்டியும் ஓர் ஏடாக உரிந்து வந்திருந்தன. முந்தைய உரிமையாளர் எப்போதோ பம்பரை இடித்து, மலிவாகப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார். டேப் பெயின்ட்டைப் பிடித்திருந்தது. பெயின்ட் பம்பரைப் பிடித்திருக்கவில்லை.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒட்டப்பட்ட எந்தப் பொருளும் ஒரே ஒட்டில் நிற்பதில்லை. பாகத்தை டேப் பிடிக்கிறது. டேப் பெயின்ட்டைப் பிடிக்கிறது. பெயின்ட் பிரைமரையும், பிரைமர் தகட்டையோ பிளாஸ்டிக்கையோ பிடிக்கின்றன. இந்த வரிசையில் மிகவும் பலவீனமானது எதுவோ அதுவே முழு வேலையின் பலம். விலையுயர்ந்த டேப் வாங்குவதினால் அந்தப் பலவீனம் மாறாது.

இன்னொரு பக்கத்தில் டேப் முற்றிலும் சுத்தமாக, எதையும் பிடிக்காமல் உரிந்திருந்தது. அங்கே காரணம் பாலிஷ். வண்டி பளபளக்க வேண்டுமென்று தேய்த்த மெழுகின்மேல் டேப்பை ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்கு மிகவும் சுத்தமாகத் தெரிகிற பரப்பே ஒட்டுக்கு மிகவும் மோசமான பரப்பாக இருக்கக்கூடும்.

பட்டறையில் கற்றவை

சென்னையிலிருந்து திரும்பிய பிறகு அந்தத் தம்பி, நம் சபையின் மூப்பர் ஒருவருடைய டிங்கரிங் பட்டறையில் அந்த வேலையை மறுபடியும் செய்தார். இரண்டு சனிக்கிழமைகள் நானும் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் முறைப்படி எழுதுகிறேன்.

முதலாவது, பொருத்திப் பார்ப்பது. பெயின்ட் அடிப்பதற்கும் ஒட்டுவதற்கும் முன்பே பாகத்தை வண்டியில் வைத்து, மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்திச் சுற்றிலும் பார்க்க வேண்டும். கடைகளில் வரும் பைபர் பாகங்கள் அச்சுக்கு அச்சு சற்று மாறுபடும்; வளைந்தும் இருக்கும். சரியாக உட்காராத பாகத்தைப் பலவந்தமாக அழுத்தி ஒட்டினால், அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பவே இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பை எந்த டேப்பும் நெடுநாள் தாங்காது. பைபரைத் தேய்த்துச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக்கை மிதமாகச் சூடாக்கி வளைக்கலாம். கையை எடுத்தாலும் பாகம் தானாகவே தன் இடத்தில் அமர வேண்டும். அதற்குப் பின்புதான் ஒட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தச் சமயத்திலேயே வேறு சிலவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பினால் டயர் எங்கும் உரசுகிறதா? ரேடியேட்டருக்குப் போகும் காற்றுவழி அடைபடுகிறதா? பார்க்கிங் சென்சார், நம்பர் பிளேட், விளக்குகள் மறைகின்றனவா? ஜாக்கி வைக்கும் இடத்தைச் சைடு ஸ்கர்ட் மூடுகிறதா? நம் ஊர் வேகத்தடைகளில் லிப் தட்டுமா? ஒருமுறை தட்டினாலே ஒட்டு ஆட்டம் காணத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, பரப்பைச் சுத்தம் செய்வது. பட்டி பூசிய பகுதியை மூப்பர் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, பிரைமரிலிருந்து புதிதாகத் தொடங்கினார். புதுப் பெயின்ட் முழுதாகக் காய்ந்து இறுகும்வரை அதன்மேல் எதையும் ஒட்டக் கூடாது என்று ஒரு வாரத்திற்குமேல் காத்திருக்கச் சொன்னார். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்தார். பெட்ரோலால் துடைப்பது நம் ஊர்ப் பழக்கம். அது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும் என்பதால் கூடாது என்றார். பெயின்ட் இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் வகையைச் சேர்ந்தது. இயல்பாகவே எதையும் தன்மேல் ஒட்டவிடாத பொருள் அது. அங்கே டேப்புக்கு முன் அதற்கென்று விற்கும் பிரைமரைப் பூச வேண்டும்.

மூன்றாவது, டேப். இதற்கு நுரைபோன்ற அக்ரிலிக் டேப் வேண்டும். படம் மாட்டும் சாதாரண டேப் உதவாது. 3எம் நிறுவனம் 1980-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய வி.ஹெச்.பி. டேப் இந்த வகையில் பெயர் பெற்றது. அதன் பசை அழுத்தத்தினால்தான் வேலை செய்கிறது. ஆகவே ஒட்டியவுடன் முழு நீளத்துக்கும் உருளையாலோ கட்டைவிரலாலோ அழுத்திக்கொண்டு போக வேண்டும். வெப்பநிலை 21 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. நம் பகுதியில் குளிரைப் பற்றிக் கவலையில்லை. வெயிலில் நின்று கொதிக்கும் தகட்டிலும், ஐப்பசி மழையின் ஈரத்திலும் ஒட்டாதிருந்தால் போதும். நிழலில், காலை நேரத்தில் செய்யலாம்.

ஒட்டிய உடனே டேப் தன் முழுப் பலத்தை அடைவதில்லை. சாதாரண வெப்பநிலையில் 20 நிமிடத்தில் ஏறக்குறைய பாதிப் பலம்; 24 மணி நேரத்தில் 90 சதவீதம்; முழுப் பலம் வர 72 மணி நேரம். அதாவது மூன்று நாள். அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது. ஒரு மணி நேரத்தில் மாட்டி, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பும் கடைக்காரர் இந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்லுவதில்லை.

நான்காவது, திருகுகள். பெரிய பாகங்களை டேப்பை மட்டும் நம்பி விடலாகாது. டேப் முழு நீளத்தையும் அணைத்துப் பிடிக்க, முனைகளிலும் அடியிலும் ஸ்க்ரூவோ போல்ட்டோ காவலாக நிற்க வேண்டும். ஒன்று விட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். கூடியமட்டும் கம்பெனி ஏற்கெனவே போட்டிருக்கும் துளைகளையும் கிளிப் இடங்களையும் பயன்படுத்த வேண்டும். புதிதாகத் துளை போட்டாக வேண்டுமானால், அதன் பின்னால் வயரோ, குழாயோ, ஏர்பேக் சென்சாரோ இல்லை என்பதைப் பார்த்துவிட்டே டிரில்லைத் தொட வேண்டும். தகட்டில் போட்ட துளையின் விளிம்பில் இரும்பு வெறுமையாக நிற்கும். கடற்கரையோரத்தில் வாழும் நமக்கு அது துருவின் வாசல். விளிம்பில் பிரைமரும் பெயின்ட்டும் தொட்டுவிட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவைப் போட வேண்டும். சிலிக்கான் பூசுவதானால், காய்கையில் வினிகர் வாசனை வீசும் வகையை இரும்பின்மேல் பூசக் கூடாது. அந்த அமிலமே அரிக்கத் தொடங்கும். கதவுக்குக் கீழே தண்ணீர் வடியக் கம்பெனி விட்டிருக்கும் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

பைபரில் ஸ்க்ரூவை அளவுக்குமேல் முறுக்கினால் அது நொறுங்கும். அகன்ற வாஷரும், அதன் அடியில் ரப்பர் வாஷரும் வைத்து, இறுகியவுடன் நிறுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக் பாகத்தில் நடுத் துளை மட்டும் சரியளவாகவும், ஓரத் துளைகள் சற்று நீண்டும் இருக்க வேண்டும். காரணத்தை மூப்பர் கணக்குப் போட்டே காட்டினார். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சைடு ஸ்கர்ட் 40 டிகிரி சூடேறினால், அந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் இரும்புத் தகடோ ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. அசையவே இடமில்லாமல் எல்லா முனையிலும் இறுக்கினால், பாகம் நடுவில் புடைக்கும், அல்லது துளையில் வெடிக்கும். உறுதி என்பது விறைப்பன்று என்று அன்று நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பது. காற்றின் விசை வேகத்தோடு சமமாக ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் விசை 80-இல் நான்கு மடங்காகும். 120-இல் ஒன்பது மடங்காகும். ஊருக்குள் ஆடாமல் நின்ற பாகம் நான்குவழிச் சாலையில் பறப்பதன் இரகசியம் இதுவே. ஆகையால் மூன்று நாள் கழித்துக் கையால் இழுத்துப் பார்த்து, முதலில் மெதுவாக ஓட்டி, ஒரு வாரம் சென்று மறுபடியும் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும்.

இந்த இடத்தில் அந்தத் தம்பி எங்களுக்கு ஆசிரியரானார். "எங்க வேலையில போல்ட்டை முறுக்கினதும் நட்டு மேலயும் தகடு மேலயும் சேர்த்து ஒரு கோடு போட்டுருவோம் ஐயா. அடுத்த தடவை ஏறும்போது கோடு விலகியிருந்தா நட்டு திரும்பியிருக்குன்னு அர்த்தம்" என்றார். நைலான் வளையம் வைத்த நட்டுகளை வாங்கிப் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் மஞ்சள் மார்க்கரால் கோடு இழுத்தார். முப்பந்தலில் உயரக் கோபுரத்தில் ஏறி எதைப் பிறருக்காகச் செய்து வந்தாரோ, அதையே முதன்முறையாகத் தம் வண்டிக்குச் செய்தார். அவர் முகத்தில் அந்த ஞாயிறு நான் கண்ட வாட்டம் அப்போது இல்லை.

சட்டம் சொல்லுவது

வேலை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், செய்யத் தகாத மாற்றங்கள் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. வண்டியின் அகலத்தையோ அமைப்பையோ மாற்றும் பெரிய பாகங்களைத் தவிர்த்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். முன்பக்கம் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுத்தது. மோதலில் அவை பாதசாரியின் உயிருக்கு ஆபத்து. உள்ளே இருக்கிறவர்களைக் காக்கும் ஏர்பேக்கின் வேலையையும் கெடுக்கக்கூடும். இராயனுடைய சட்டம் என்று முணுமுணுக்கிறவர்கள், அதற்குள் இருக்கும் கைப்பிடிச்சுவரைக் காண வேண்டும்.

வேதம் இணைப்புகளைப் பற்றிப் பேசுகிறது

பிரியமானவர்களே, வேதம் இணைப்புகளை அற்பமாக எண்ணுவதில்லை. நோவாவின் பேழை உள்ளும் புறம்பும் கீல் பூசப்பட்டது. ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளை ஒன்றாக்கியவை ஐம்பது பொன் கொக்கிகள். அவற்றின் எண்ணிக்கையைக்கூட யாத்திராகமம் சொல்லாமல் விடவில்லை. கூடாரத்தின் மகிமையைப் பாடுகிறவர்கள் கொக்கிகளை மறந்துவிடுகிறார்கள். கொக்கி இல்லாவிட்டால் கூடாரம் இல்லை, வெறும் துணிகளே உண்டு.

ஆனால் ஏசாயா 41-ஆம் அதிகாரத்தில் வேறொரு இணைப்பு வருகிறது. விக்கிரகம் செய்கிற தொழிலாளிகள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தி, பற்றவைத்தது நன்றாயிருக்கிறதென்று மெச்சி, அது அசையாதபடி ஆணி அடிக்கிறார்கள். அந்தப் பற்றவைப்பைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'தாபக்' என்ற வேரிலிருந்து பிறந்தது. புருஷன் மனைவியோடு இசைந்திருப்பதற்கும், ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்டதற்கும் அதே வேர்ச்சொல்தான். எனவே எவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதிக் கேள்வி மாத்திரமே. எதைப் பற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது மீதிப் பாதி. தன் காரைத் தொட்டுவிட்டார்கள் என்று அண்ணனோடு பேச்சை நிறுத்திய தம்பியை நான் அறிவேன். அங்கே ஆணி நன்றாகவே அடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிற்பது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதனால் அழகை விரும்புவது பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவன் பூவுக்கு நிறம் கொடுத்தவர். உழைத்துச் சேர்த்த பணத்தில் தன் வண்டியை அழகுபடுத்தும் பிள்ளையை வீட்டார் கடிந்துகொள்ளவும் வேண்டாம். "இதற்கு ஏன் செலவு செய்தாய்?" என்று கேட்பதை விட்டு, "இதை எப்படி மாட்டினாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் அவனைப் பற்றிய அக்கறையும் உண்டு, அவனுக்குப் பின்னால் வருகிறவனைப் பற்றிய அக்கறையும் உண்டு.

பின்னால் வருகிறவனைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். நல்ல சமாரியனுக்கு வழியில் கிடந்தவன் கண்ணெதிரே இருந்தான். இரக்கப்பட அவனால் முடிந்தது. நம் காருக்குப் பின்னால் வரும் அயலானை நாம் பார்ப்பதே இல்லை. நம்முடைய கவனக்குறைவால் அவன் விழுந்தாலும் நமக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் வாய்ப்புக் கிடைக்காது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் குழியை வெட்டி மூடாமல் போனவனைப் பற்றிய சட்டம் உண்டு. மாடு அதில் விழுந்தபோது அவன் அங்கே இருந்தானா என்று சட்டம் கேட்பதில்லை. குழி யாருடையது என்றே கேட்கிறது. காணாத அயலானிடத்தில் நாம் காட்டக்கூடிய அன்பு ஒன்றே உண்டு. அது, முன்கூட்டியே, ஒருவரும் பார்க்காத இடத்தில், ஒரு நட்டைச் சரியாக முறுக்குவது.

கார் இல்லாதவர்கள் இந்தத் தியானம் தங்களுக்கு அல்ல என்று எண்ண வேண்டாம். மாடியில் கல்லை மட்டும் பாரமாக வைத்த தகரக் கூரை, சன்ஷேடின் விளிம்பில் நிற்கும் பூந்தொட்டி, மூடி பூட்டாத தண்ணீர்த் தொட்டி, பைக்கின் பின்னால் ஒற்றைக் கயிற்றில் தொங்கும் சிலிண்டர் என ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. சபையாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கன்வென்ஷன் வந்தால் சாலையோரத்தில் பேனர் கட்டுகிறோம். 2019-இல் சென்னையில் சாலை நடுவே கட்டிய ஒரு பேனர் சரிந்து ஓர் உயிர் போனதை நாடே கண்டது. இந்த ஆண்டு நம் கூட்டங்களுக்குச் சாலையில் பேனர் வேண்டாம் என்று கமிட்டியிடம் கேட்டுக்கொள்ள இருக்கிறேன். நீங்களும் ஆதரிக்க வேண்டும்.

இந்த வாரம் உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். சனிக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியைச் சுற்றி நடந்து, வெளியே மாட்டிய ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஆடுகிறதைக் கழற்றுங்கள், அல்லது அன்றே சரிசெய்யுங்கள். பிறகு வீட்டு மாடிக்கு ஏறிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உபாகமம் 22:8-ஐ அவர்களுக்கு அங்கே வைத்து வாசித்துக் காட்டலாம்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம பிதாவே, நாங்கள் காணாதவர்களையும் நீர் காண்கிறீர். எங்களுக்குப் பின்னால் பயணம் செய்கிறவர்களின் உயிரை எங்கள் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறீர் என்பதை உணரச் செய்யும். அவசரத்தில் ஒட்டப்பட்டவைகளை எங்களுக்குக் காட்டும். கழற்ற வேண்டியதைக் கழற்றத் தாழ்மையையும், காத்திருக்க வேண்டிய நாட்களில் பொறுமையையும், மறைவான இடத்தில் உண்மையாய் வேலை செய்ய மனதையும் தாரும். சாலையில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அனைவரையும் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.